ஊமைப் பாட்டு

என் காது கொஞ்சம் பொல்லாத காது. நாற்பது பேர் சேர்ந்து பாடினாலும் எந்த வரிசையில் எந்தக் குரல் சுருதியை விட்டு நழுவுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து நான் சம்பாதித்தது இந்தக் காதும், மூக்குக்கு மேலே நிற்கிற கோபமும்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனுஷியை என்ன பாடு படுத்தினேன் என்பதை இங்கே சொல்லப்போகிறேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்து எழுதவில்லை. இறங்காது, தெரியும்.

அந்த மனுஷியை நாங்கள் எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு சுழல் நாற்காலி, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், எதிரே ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைகிற விளக்குகள். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டே பாதி பேருக்கு மூச்சு திரும்பி வருமாம். உள்ளே படுத்திருப்பவர் பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமல் போன் பண்ணுகிறவர்கள் அல்லவா? வீடு திரும்பும் நாளில், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்க்கவே மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றவர்களும் உண்டு.

அந்த வேலையில் எல்லோருடைய ரகசியமும் காதில் விழும். ஆனால் லைனில் கேட்டது லைனோடு போச்சு, அதுதான் அவருடைய சட்டம். ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருந்த வியாதியின் பெயரை, அவருக்கே தெரிவதற்கு முன்னால் இவர் லைனில் கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அதே மனுஷர் ஏணி இரவல் கேட்டு வந்து நிற்கிறார். இவர் ஏணியை எடுத்துக் கொடுத்து, "பார்த்து ஏறுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னது பதினெட்டு வருடம் கழித்து. அப்போதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று சொல்லவில்லை.

புருஷன் அதே ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரில் குமாஸ்தா. அதனால் அவர் எங்களுக்கு ஸ்டோர்காரர். முகம் பார்க்காமலே பதினோரு மாதம் இந்தக் குரலோடு பேசியிருக்கிறார். ஏதாவது ஒரு வார்டுக்கு லைன் கேட்பாராம். போட்டுக் கொடுக்கப் போனால், "அவசரமில்ல, அப்புறம் போடுங்க" என்பாராம். கடைசியில் பொறுக்க முடியாமல் ஊசிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றிருக்கிறார். இவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன், டெலிபோனுக்கு ஊசி போடப்போறீங்களா?" என்று கேட்டாராம். அடுத்த வருடம் கல்யாணம்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வியாதி ஸ்டோர்காரரின் கண்ணைத் தின்றுவிட்டது. ஒரு கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரியும், மற்றது அதுவும் இல்லை. ஆபரேட்டரம்மாவுக்கு வலது காது போய்விட்டது, இடதில் பாதி மிச்சம். "முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த காதாச்சே, அதுவும் ரிட்டையர் ஆயிடுச்சு" என்று சிரிப்பார். எனக்கு அவர் காது, அவருக்கு நான் கண்ணு, வாடகையும் கிடையாது என்பதும் அவர் சொன்னதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. அங்கே அறுபது தாண்டியவர்களுக்கு ஓவியம், களிமண், பாட்டு என்று வகுப்புகள் நடத்த முடிவு செய்தார்கள். கூடத்து மேனேஜர் என் மகள் வயதுப் பெண், சுறுசுறுப்பானவள். பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். செவ்வாய், வெள்ளி காலை பத்து மணி. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவருக்குச் சுருதி சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த எனக்குக் கரும்பு தின்னக் கூலியா?

நாங்கள் இருவரும் வாய் கிழியப் பேசிய விஷயம் ஒன்றுதான்: யாரும் வர முடியாமல் போகக்கூடாது. வாசலில் மூன்று படி இருந்தது. பக்கத்திலேயே சாய்தளம் போட்டோம். கழிப்பறையில் கைப்பிடி வைத்தோம். பாட்டுத் தாளில் எழுத்தைக் கட்டைவிரல் உயரத்துக்குப் பெரிதாக்கினோம். நிற்க முடியாதவர்களுக்குக் கை வைத்த நாற்காலி. வாசலில் ஒட்டிய அறிவிப்பை நானே என் கையால் எழுதினேன்: "பாட்டு வகுப்பு. எல்லோரும் வரலாம். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை." கடைசி வரியின் கீழே சிவப்பில் ஒரு கோடு வேறு இழுத்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஆபரேட்டரம்மா உள்ளே வந்தார். நிஜமாவே தெரிந்திருக்க வேண்டியதில்லையா என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். வீட்டில் எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன், அது பாட்டா என்பது மட்டும் எனக்குத் தெரியாது என்றார். அவர் பேசுகிற குரல் அத்தனை அழகு. எனக்கு நாக்கில் நீர் ஊறாத குறை. முன்வரிசையில் நிறுத்தினேன்.

பாடினார். அய்யோ, என்ன சொல்ல. குரல் தேன், சுருதி மட்டும் எங்கேயோ. நான் வாசித்த பியானோ ஒரு பக்கம் போனால் இவர் அரைப்படி கீழே தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். காது மெஷினை மாட்டினால் கூட்டத்தின் சத்தம் மொத்தமும் இரைச்சலாகக் கேட்கிறது என்று கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுவார். பியானோ அவருக்குக் காதில் விழவே இல்லை. பக்கத்திலிருப்பவர்களின் வாயைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது பேரை வைத்துக்கொண்டு இதற்கு என்ன செய்வது என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். ஒரு நாள் யார் மேலோ வந்த கோபத்தில், "செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி இருக்கு, எத்தனை தடவை சொல்றது" என்று கத்திவிட்டேன். எல்லோரும் விறைத்துப்போய் ஆபரேட்டரம்மாவைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவர்தான். அவர் சிரித்ததால் எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் ஊரிலுள்ள எல்லாக் கூடங்களின் பாட்டுக் குழுக்களும் ஒரே மேடையில் பாடுவது என்று ஏற்பாடாயிற்று. இன்னொரு கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர் உண்டு, ஒல்லியாய், எப்போதும் கழுத்தில் துண்டோடு. அவர் ஒரு கூட்டத்தில், "வயசானவங்க பாட்டு எப்படி இருக்கும்னு தெரிஞ்சதுதானே, எல்லாரும் வந்து போனா சரி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரு மகனே, உனக்குக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மழையைப் பற்றி நானே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று. மூன்று சரணம், இரண்டாவதில் குரல்கள் இரண்டாகப் பிரியும். எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பழகினார்கள். ஆனால் இரண்டாவது சரணம் வந்தால் அந்த ஒரு குரல் நூலிலிருந்து தொங்கும் பிசிறு மாதிரி தனியாகத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு ஆபரேட்டரம்மாவை நிறுத்திவைத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கையாண்ட வித்தை ஒன்று இருந்தது. ஆண்டு விழாவுக்குச் சுருதி சேராத பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று சொல்லிவிடுவது. ஊமைப் பாட்டு என்று அதற்குப் பெயரே வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேன் என்று கணக்கே கிடையாது.

அதையேதான் எழுபத்திரண்டு வயசு மனுஷியிடமும் சொன்னேன். கேட்காத காது பக்கம் நின்றுவிட்டேன் போல. சரியாகக் கேட்கவில்லை என்று இடது காதைத் திருப்பினார். இரண்டாவது தடவையும் சொன்னேன், இன்னும் சத்தமாக.

"நீங்க கடைசி வரிசையில நின்னுக்கங்க. வாயை மட்டும் அசைச்சா போதும். சத்தம் வேண்டாம்."

ஒரு நிமிடம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். நான் சுருதியை விட்டுப் போகிறேனா, ரொம்பவா என்று கேட்டார். ரொம்பத்தான் என்றேன், நேர்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. "சரி டீச்சர், மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். லைனில் கேட்டது லைனோடு. கைப்பையை எடுத்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்கிப் போனார்.

அதன் பிறகு பத்து மாதம், ஒரு வகுப்புகூடத் தவறவில்லை. கடைசி வரிசையில் நின்று, எந்தச் சொல்லுக்கு எவ்வளவு வாய் திறக்க வேண்டுமோ அவ்வளவு திறப்பார். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுப்பார். பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. சத்தம் போடாமல் பாடுவதில் அவரைவிடத் தேர்ந்தவரை நான் பார்த்ததில்லை. நான் உள்ளூர மெச்சிக்கொண்டேன், அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். என்ன ஆச்சு என்றேன். சுடுதண்ணீர் பட்டுவிட்டது என்றார். பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன்.

மேடை நாள் வந்தது. பெரிய அரங்கம், சிவப்புத் திரை, முன்வரிசையில் குடும்பத்தார். ஸ்டோர்காரரை அவர் மகள் கைபிடித்துக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தாள். தேய்த்த சட்டை, முகச்சவரம், மடியில் இரண்டு கையும். நாங்கள் பாடினோம். ஒரு பிசிறு இல்லை. இரண்டாவது சரணத்தில் குரல்கள் பிரிந்து மறுபடி வந்து சேர்ந்தபோது அரங்கமே அசையாமல் இருந்தது. முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. துண்டு வாத்தியாரே மேடைக்குப் பின்னால் வந்து, "ஒரு குரல்கூட வெளியே தெரியலையே, எப்படிம்மா?" என்று கேட்டார். நான் தரையிலா நடந்தேன்?

அப்போதுதான் ஆபரேட்டரம்மா புருஷனைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார், டீச்சருக்கு அவர் நன்றி சொல்ல வேண்டுமாம். அவர் என் குரல் வந்த பக்கம் கும்பிட்டார்.

"பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். ஒண்ணு கேக்கணும். இவ எந்தப் பக்கம் நின்னா? நானும் முதல் வரியிலருந்து தேடறேன், கிடைக்கவே இல்லை."

ஆபரேட்டரம்மா முந்திக்கொண்டார். தொண்டை கட்டிவிட்டது, கடைசி நேரத்தில் பாட முடியவில்லை என்றார். காலையில் பேசும்போது நன்றாகத்தானே இருந்தது என்று அவர் கேட்டதற்கு, மேடையில் ஏறினதும் கட்டிவிட்டது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை என்றால் தாங்கியிருப்பேன். சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் கெஞ்சுகிற பார்வை அது. என் மானத்தை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அதுவும் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். வகுப்புக்கும் விடுமுறை என்பது எனக்குச் சாக்காகப் போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறே இறங்கவில்லை. கடைசியில் குழுவாக எடுத்த போட்டோவைக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டோர்காரர்தான் கதவைத் திறந்தார். செருப்புச் சத்தம் புதிதாக இருக்கிறதே, யாரு என்றார். சொன்னேன். சந்தோஷப்பட்டு உள்ளே கூப்பிட்டு, நாற்காலியின் முதுகைத் தட்டிக் காட்டினார். ஆபரேட்டரம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். சின்ன வீடு. சாமான்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி இருந்தன. சமையலறை வாசலில், கால் தெரிந்துகொள்ள ஒரு ரப்பர் மிதியடி. ரேடியோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது.

பேச்சுவாக்கில்தான் அதைச் சொன்னார். என்னைக் குத்திக்காட்ட அல்ல. அவருக்கு எதுவும் தெரியாது.

"இவ இருக்காளே, எப்பவும் ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பா டீச்சர். சத்தம் எங்கே இருக்கோ அங்கே இவ. சமையல்கட்டா, துணி உலர்த்துற இடமா, என் பக்கம் வர்றாளா, போறாளா, எல்லாம் அதை வச்சுத்தான் எனக்கு. உங்க வகுப்புல சேர்ந்து கொஞ்ச நாள்ல நிறுத்திட்டா. கேட்டா, தொண்டையைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லியிருக்காங்கன்னா. சரி, டீச்சர் சொன்னா காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். ஒரு நாள் கொதிக்கிற தண்ணியோட வர்றா, சத்தமே இல்ல, நான் நேரா போய் மோதிட்டேன். கையெல்லாம் வெந்து போச்சு பாவம்."

மணிக்கட்டுக் கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. நான் போட்ட அதட்டலும் ஞாபகம் வந்தது. கையிலிருந்த போட்டோவை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஆபரேட்டரம்மா உள்ளே வந்தார். "நான்தான், நான்தான், கதவுகிட்ட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இப்போதெல்லாம் அப்படித்தானாம், ஒவ்வொரு அடிக்கும் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. டீச்சருக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவருகிறேன் என்று நழுவப் பார்த்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இடது காதுப் பக்கமாக நின்றுகொண்டேன், இருவருக்கும் கேட்கட்டும் என்று.

"சார், இவங்க தொண்டை கட்டல. நான்தான் பாட வேண்டாம்னு சொன்னேன். வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன். பத்து மாசமும்."

அதெல்லாம் ஒன்றுமில்லை, டீச்சர் நல்லதுக்குத்தான் சொன்னார்கள் என்று ஆபரேட்டரம்மா படபடத்தார். ஸ்டோர்காரர் கையைத் தூக்கினார், பேசாதே என்பது போல. ரேடியோவைத் தடவி அணைத்தார். அப்படியென்றால் வீட்டில் ஏன் நிறுத்தினாய் என்று அவரிடம் கேட்டார். ஆபரேட்டரம்மா என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"இங்கே பாடினா, அங்கேயும் வாய் தவறிச் சத்தம் வந்துடுமோன்னு பயங்க. டீச்சர் எவ்வளவு பாடுபட்டாங்க. என்னால கெட்டுப்போகக் கூடாதில்ல?"

ஆக, சத்தம் போடாமல் இருக்க அவர் வீட்டில் பழகியிருக்கிறார். நான் கொடுத்த வீட்டுப்பாடம் அது. தவறாமல் செய்த ஒரே மாணவி அவர்தான்.

ஸ்டோர்காரர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை.

"இவளுக்குச் சுருதி சேராதுன்னு கல்யாணமான வாரமே எனக்குத் தெரியும் டீச்சர். ஊரே கூடிப் பாடினாலும் இவ குரல் மட்டும் தனியா கேக்கும். அதை வச்சுத்தானே நான் கண்டுபிடிப்பேன்."

நான் அழுதேன். என் வயசுக்கும் என் வாய்க்கும் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். பரவாயில்லை என்று இருவருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஸ்டோர்காரர், டீச்சருக்கு ஏதாவது குடிக்கக் கொடு என்றார். ஆபரேட்டரம்மா சமையலறைக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம், அடுப்பு பற்றுகிற சத்தம். ஸ்டோர்காரர் தலையை அந்தப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார். நானும் கேட்டேன். வேறு ஒரு சத்தமும் வரவில்லை.

வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று எல்லோர் முன்னிலும் நடந்ததைச் சொன்னேன். சொல்லலாமா என்று ஆபரேட்டரம்மாவிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். எங்கள் குழுவில் மீசைக்காரர் ஒருவர், முன்பு பஸ் ஓட்டியவர், பாட்டில் கட்டைக்குரல். அவர் எழுந்து, தனக்கும் எட்டு வயதில் ஒரு டீச்சர் இதையே சொன்னார் என்றார். "அறுபது வருஷம் கழிச்சு இங்கே வந்துதான் வாயைத் திறந்தேன். வாசல்ல நீங்க எழுதியிருந்தீங்களேன்னு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் முப்பத்திரண்டு வருடப் பிள்ளைகள் கடைசி வரிசையில் நின்று வாயசைத்தது அன்று இரவெல்லாம் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் முதல் நாளே செய்திருக்கக்கூடியதுதான். வரிசைகளைக் கலைத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். ஆபரேட்டரம்மாவைப் பியானோவை ஒட்டி உட்காரவைத்தேன், இடது காது என் பக்கம். பியானோவின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான் கீழ்க்கட்டையை அழுத்தியதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். கையில் வருதே என்றார். ஆஸ்பத்திரியில் போன் மணி அடிப்பதற்கு முன்பே மேஜையில் அதிர்வு வரும், அப்படி இருக்கிறது என்றார். பாட்டையும் அவர் குரலுக்கு ஏற்ப ஒன்றரைப் படி இறக்கினேன். மற்றவர்களுக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. இத்தனை நாள் என் வீம்புக்காக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பெண் இதையெல்லாம் எழுதி மற்ற கூடங்களுக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் போல என்னைச் சுட்டது எதுவும் இல்லை.

ஏனென்றால் ஆபரேட்டரம்மா பாடவில்லை. பலகையில் கை வைத்துக்கொள்வார், வாய் திறப்பார், மூச்சு எடுப்பார், சத்தம் மட்டும் வராது. ஒரு மாதம், இரண்டு மாதம். பாடுங்களேன் என்றால் சிரிப்பார். வரமாட்டேங்குது டீச்சர், பழகிப்போச்சு என்பார்.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோர்காரரும் கூட வந்தார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லி, கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மழைப் பாட்டை எடுத்தோம். இரண்டாவது சரணத்தில், பக்கத்திலிருந்து, அரைப்படி கீழே, தேன் போன்ற ஒரு குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. பழைய பழக்கம், நிறுத்தச் சொல்லிக் கை தானாகவே உயரப் பார்த்தது. கட்டைகளின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டேன். ஸ்டோர்காரரின் முகம் ஜன்னலை விட்டு மெதுவாகத் திரும்பிப் பியானோ பக்கம் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் அது திரும்பவில்லை.

அன்று முதல் இருவரும் சேர்ந்துதான் வருகிறார்கள். என் காது இன்னும் பொல்லாத காதுதான். அந்த இடம் வரும்போதெல்லாம் கூசுகிறது. பலகையின் மேல் ஆபரேட்டரம்மாவின் கை இருக்கும், மணிக்கட்டில் வெந்த தழும்பு எனக்கு நேராகத் தெரியும்.

போன வாரம் ஸ்டோர்காரருக்கு வாசல் வரை நான் கை கொடுத்துக்கொண்டு போனேன். மனசு கேட்காமல், இப்போது வீட்டில் நடமாடுவது சுலபமாக இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு வேண்டிய பதில் எது என்று எனக்கே தெரிந்திருந்தது.

"வீட்டுல இன்னும் பாடறதில்ல டீச்சர். முந்தி சுருதி சேருதா சேரலையான்னு தெரியாம பாடினேன், இப்போ தெரிஞ்சுபோச்சுங்கறா. இங்கே பியானோப் பெட்டியைப் பிடிச்சுக்கலாம், வீட்டுல எதைப் பிடிச்சுக்கறதுன்னு கேக்கறா." கைத்தடியால் சாய்தளத்தின் விளிம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "அதான் செவ்வாயும் வெள்ளியும் நானும் வந்துடறேன்."

கீழே நின்றிருந்த ஆபரேட்டரம்மா, "நான் இங்கே இருக்கேன், இடது பக்கம், இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டோர்காரர் அந்தப் பேச்சை வைத்து நடந்து போய்ச் சேர்ந்தார்.